எக்ஸ்ரே அக்கா

அந்த அக்கா எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். அரச இலை, டீ கிளாஸ், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. ஒருநாள் மார்க்கெட்டில் வாங்கி வந்த கருவாடு ஒன்றை என் கடை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்த்ததைக் கண்டு, மகாலட்சுமி படம் வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவருக்கு. இருபது வருஷத்துக்கு மேலாக அதே இருட்டறை, அதே மேஜை. பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊருக்குள் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா. எனக்கும் அப்படித்தான்.

நான் மார்க்கெட் பக்கம் படங்களுக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருகிற படங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சாமி. இன்னொன்று செத்துப்போனவர்கள். இரண்டிலும் சேராத, தானே வரைந்த ஒரு படத்தைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில் அவர் கடையேறி வந்தார். சேலையைப் பிரித்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

படத்தில் ஒரு மலை எக்ஸ்ரே மேஜையில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. நம் பொதிகை மலைதான். உச்சியின் வளைவைப் பார்த்தால் இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் தெரியும். எக்ஸ்ரே படத்தில் இருக்குமே ஒரு கருநீலம், அந்த நிறத்தில் மலையின் உடம்பு. உள்ளே வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள். அதில் மூன்று எலும்பைக் காணவில்லை. அவை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது என்னதுக்கா?"

"மலைக்கு எக்ஸ்ரே எடுத்தேன் தம்பி."

"துணி காயப்போடுத பொம்பள யாரு?"

"அது நாந்தான். எங்க வீட்டு மாடியில நின்னா மலை நல்லாத் தெரியும்லா. வீடு கட்ட ஜல்லி அங்கன இருந்துதான வந்துச்சு."

சொல்லிவிட்டுச் சாதாரணமாக பிரேம் கட்டைகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கறுப்புக் கட்டை போதும் என்றார். கண்ணாடி வேண்டாம் என்றார்.

"தூசி அடையுமேக்கா."

"அடையட்டும். கண்ணாடி போட்டா பாக்கவங்க மூஞ்சிதான் அதுல தெரியும். தலைய ஒதுக்கிட்டுப் போயிருவாங்க."

அப்படித்தான் பழக்கம் ஆனது. மாதத்துக்கு ஒரு படம், சில மாதம் இரண்டு. எல்லாமே உள்ளே இருப்பதைக் காட்டுகிற படங்கள். மார்க்கெட் வாசலில் எச்சில் இலைக்குக் காத்துக்கிடக்குமே ஒரு செவலைப் பசு, அதன் வயிற்றுக்குள் ஒரு கல்யாண மண்டபமே இருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும், பந்தியில் வரிசையாக ஜனங்கள், எல்லோர் முன்னாலும் பிளாஸ்டிக் இலை. பசு மட்டும் வெளியே நின்று ஒன்றும் தெரியாத மாதிரி அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடையில் மாட்டியிருந்த அதைப் பார்த்து, பக்கத்துத் தெரு மண்டபக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் பந்தியை ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். "வே, இது நம்ம மண்டபம்லா வே" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. படத்தில் பந்தியின் கடைசி வரிசையில் அக்காவும் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்ததை அவருக்கு நான்தான் காட்டினேன்.

அவருடைய வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். சாதுவான மனுஷர். "நான் ஒருத்தன்தான் தம்பி, என்னைய மட்டும் வெளிப்பக்கமா வரைஞ்சிருக்கா" என்று மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொல்லுவார்.

ஆனால் படங்களைவிட எனக்கு அக்காவிடம் முதலில் பிடித்துப்போனது அவர் கேட்கிற ஒரு கேள்வி. எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் டாக்டர் சீட்டோடுதான் வருவார்கள். எந்த எலும்பு, எந்தப் பக்கம், எல்லாம் அதில் எழுதியிருக்கும். அக்கா சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எங்கன வலிக்கு?" என்று கேட்பார்.

"சீட்டுல இருக்கேம்மா" என்பார்கள்.

"சீட்டு டாக்டர் எழுதினது. வலி ஒங்களோடதுல்லா. சொல்லுங்க."

சொல்லுவார்கள். முழங்காலில் ஆரம்பித்து மருமகளில் போய் முடியும். அவர் நின்று கேட்பார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆஸ்பத்திரியில் இதற்காக நாலைந்து தடவை அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். "சரி சார்" என்பார். மறுநாளும் கேட்பார்.

மனுஷர்களிடம் மட்டும் இல்லை. என் கடைக்கு முன்னால் ஒரு வேப்ப மரம் உண்டு. மாதிரி பிரேம்களைத் தொங்கவிட அதில் ஆணி அடித்து வைத்திருந்தேன். ஒருநாள் ஜனங்கள் போகிற வருகிற நேரத்தில், அக்கா மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "எங்கன வலிக்கு?" என்று சத்தமாகவே கேட்டார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மரத்தைவிட மானம் வலித்தது. அவசரமாகப் போய் ஒரு ஆணியைப் பிடுங்கினேன். அடுத்ததைப் பிடுங்கப் போனபோது அக்கா தடுத்தார்.

"போதும் தம்பி. ஒரேயடியா உருவுனா அதுக்கும் தாங்காது. பைய எடுத்துக்கிடலாம்."

திட்டத் தெரியாதவர். அதுதான் அவர். ஆற்று மணல் அள்ளுகிற லாரி ஓட்டும் ஒருவர் கால் ஒடிந்து எக்ஸ்ரேக்கு வந்திருந்தார். அவரிடம் என்ன கேட்டாரோ, அவர் என்ன சொன்னாரோ, அடுத்த மாதம் படம் வந்தது. நீளமான ஒரு கால். எலும்புக்குள் மஜ்ஜைக்குப் பதில் தாமிரபரணி மணல் பொலபொலவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. முழங்காலின்மேல் ஒரு கொக்கு நிற்கிறது. மேலே அந்த டிரைவரின் முகம், தூங்குகிற பிள்ளையின் முகம் மாதிரி. காட்சிக்கு வைத்தபோது ஒரு பேராசிரியர் அக்காவிடம் கேட்டார், "ஆற்றைச் சுரண்டுகிறவனை எதற்கம்மா இவ்வளவு அழகாக வரைந்திருக்கிறீர்கள்?"

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆளு அழகாத்தான் சார் இருந்தாரு."

இதையெல்லாம் சொல்வது, அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை தவறு செய்தார் என்பதைச் சொல்லத்தான். அது என் தாய்மாமா விஷயத்தில் நடந்தது. என் பங்கும் அதில் உண்டு.

மாமா விக்கிரமசிங்கபுரத்துக்காரர். நூல் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வாழை வைத்தார். காட்டுப்பன்றிகள் இறங்கி வாழையை அடியோடு சாய்த்துக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போகும். மாமா மறுபடி வைப்பார். அவை மறுபடி வரும். ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவரை ஒரு பெரிய பன்றி முட்டித் தள்ளிவிட்டது. வரப்புக் கல்லில் விழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை, பக்கத்து வயல்காரர் தூக்கி வந்தார். நான் போய்ப் பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்தேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. மாமாவால் மூச்சுவிட முடியவில்லை. சட்டையைக் கழற்றினார். கழுத்தில் கறுப்புக் கயிறும் அதில் ஒரு செம்புத் தாயத்தும். உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார் அங்கிருந்த நர்ஸ்.

"இத அவுக்க மாட்டேன். எங்கம்மா கட்டினது" என்றார் மாமா.

"அவுக்க வேண்டாம் அண்ணாச்சி. படத்துல அதுவும் விழும், அவ்வளவுதான்" என்று அக்கா அவரை நிறுத்திவைத்தார். "மூச்ச இழுத்துப் பிடிங்க... விட்டுருங்க." முடிந்தது. மூன்று விலா எலும்பில் கீறல். படத்தில் நெஞ்சுக்கு நடுவே தாயத்து வெள்ளையாகப் பளிச்சென்று விழுந்திருந்தது. பன்றி முட்டிய கதையை அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார்.

நாலைந்து மாதம் கழித்து அக்கா ஒரு படம் கொண்டுவந்தார். அவர் வரைந்ததிலேயே பெரிய படம். முகமில்லாத ஒரு மனுஷ நெஞ்சு. விலா எலும்புகள் எல்லாம் முள்கம்பி வேலியாகப் பின்னியிருந்தன. அந்த வேலிக்கு உள்ளே ஒரு தாய்ப்பன்றி, அதன் மடியில் ஆறேழு குட்டிகள். எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பாவமான கண்கள். நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக ஒரு தாயத்து.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமா ஒரு படத்தில் இருக்கிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு கல்லூரிக் கூடத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைத்தார்கள். நானே மாமாவை வரச்சொல்லிப் போன் செய்தேன்.

மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். மலைப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பசுவைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெரிய படத்துக்கு முன்னால் வந்து நின்றதும் அவர் கை தானாகப் போய்க் கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தது.

"ஏலே, இது யாரு?"

நான் பசுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒன்னயத்தாம்ல கேக்கேன். இது நானா?"

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "ஆமா அண்ணாச்சி. நீங்கதான்."

மாமா அவர் பக்கம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் வந்தது.

"நான் வேலியாம்மா ஒனக்கு?"

மாமா படத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"பன்னி மூஞ்சிய எவ்வளவு லெச்சணமா வரைஞ்சிருக்க. குட்டிக்குக்கூட கண்ணு மூக்கு எல்லாம் இருக்கு. எனக்கு மூஞ்சியே இல்லையே தாயி. எலும்பும் கம்பியும் மட்டும்தான் நானு?"

டிரைவர் படத்தைப் பற்றிக் கேட்ட அதே பேராசிரியர் அங்கேயும் இருந்தார். "ஐயா, நீங்கள் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது மனிதனின் பேராசையைக் காட்டுகிற..." என்று ஆரம்பித்தார்.

"பேராசையா?" என்றார் மாமா. "நூத்தம்பது வாழை வே. நூத்தம்பது வாழைக்குப் பேரு பேராசையா வே?"

அக்கா போய், ஆணியிலிருந்து படத்தைத் தானே கழற்றி, சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தார். திரும்பி வந்து மாமாவிடம் சொன்னார்:

"தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி. அன்னைக்கி ஒங்ககிட்ட நான் கேக்கவே இல்ல."

என்ன கேட்கவில்லை என்று மாமாவுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், மாமாவைப் பார்த்து "எங்கன வலிக்கு?" என்று அவர் கேட்கவே இல்லை. எக்ஸ்ரே சொன்னதையும் நான் சொன்னதையும் வைத்து வரைந்துவிட்டார்.

மாமா வெளியே போனார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். திரும்பிப் பார்க்காமலே பஸ் ஏறினார்.

இரண்டு வாரம் அக்கா கடைப் பக்கம் வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே படத்தைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க மாமா வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா?"

பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். படத்துக்கே ஒரு ஆள் உட்காருகிற இடம் வேண்டியிருந்தது. சேலை விலகியிருந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு கண்டக்டர் கேட்டார், "என்னக்கா இது, ஸ்கேனா?"

"எக்ஸ்ரே."

"இவ்வளவு பெருசாவா? யாருக்கு?"

"ஒரு அண்ணாச்சிக்கு. சரியா எடுக்கல. திருப்பி எடுக்கப் போறேன்."

மாமா வீட்டில் அத்தைதான் வாங்க என்றார். காபி வந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா காபியைக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க வயலப் பாக்கணும்" என்றார்.

பேப்பர் அசையவில்லை.

"காலையிலயும் போயிட்டுத்தான வந்தீங்க. அந்தப் பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்கு, கூட்டிட்டுப் போங்களேன்" என்றார் அத்தை.

மாமா எழுந்தார். ஏதோ யோசனையாகவே நடந்தார். கால்வாயைத் தாண்டி, தென்னந்தோப்பு ஓரமாகப் போகிற பாதை. மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. போகப் போக மாமா பின்தங்கினார். காற்றில் ஓலை உரசினால்கூட நின்று திரும்பிப் பார்த்தார். வயல் வந்தபோது அக்காதான் முன்னால் போய்க்கொண்டிருந்தார், நான் நடுவில், மாமா முப்பது அடி பின்னால்.

வரப்பின் ஓரத்தில் ஒரு கீரிப்பிள்ளை கிடந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அக்கா படத்தைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஐயோ, என்ன ஆச்சுடா..." என்று கையை நீட்டினார்.

"தொடாத! தொடாதம்மா! கரண்டு!"

அப்படி ஒரு சத்தம் மாமாவிடமிருந்து நான் கேட்டதில்லை. அக்காவின் கை அப்படியே நின்றது. அப்போதுதான் பார்த்தேன். புல்லோடு புல்லாக, கணுக்கால் உயரத்தில், வயலைச் சுற்றி ஒரு கம்பி ஓடியது. கீரியின் முன்னங்கால் அதன்மேல் கிடந்தது. அக்காவின் விரலுக்கும் கீரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

மாமா எங்களைத் தாண்டி ஓடினார். வரப்பில் தடுக்கி விழுந்தார். எழுந்து மோட்டார் அறைக்குள் ஓடி பீஸ் கட்டையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். அப்புறம் அறை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா எழுந்து பின்னால் வந்தார். தன் வலது கையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஐந்து விரலையும் பார்த்தார். பிறகு போய் மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாதான் ஆரம்பித்தார். "கம்பி போட்டது தப்புதான். தெரியும். போலீஸ் பிடிக்கும், அதுவும் தெரியும். பக்கத்து வயக்காரன் சாயங்காலம் கரண்டப் போட்டுட்டு காலையில அவனே எடுத்துருவான். இன்னைக்கி அவன் கல்யாண வீட்டுக்குப் போயிட்டான். நான் வந்து எடுக்கணும். வரல."

"அத்தை சொன்னாங்களே, நீங்க காலையில வந்துட்டுப் போனதா..." என்று இழுத்தேன்.

"வரலலே." மாமா தலையைக் குனிந்துகொண்டார். "பன்னி முட்டுனதுல இருந்து நான் இங்கன தனியா வந்ததே இல்ல. வயலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, முக்குல டீக்கடையில ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிருவேன். அவளுக்குத் தெரியாது."

அக்கா கேட்டார்: "எங்கன வலிக்கு அண்ணாச்சி?"

"வலியெல்லாம் போயிட்டும்மா. பயந்தான் போவல." நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். "இங்கன நிக்கி. இலை அசைஞ்சா போதும், ஒண்ணுக்கு வந்துருது. இந்த வயசுல, இதப் போயி யாருட்டச் சொல்ல? மில்லுல அவ்வளவு பெரிய மிசினுக்கு நடுவுல நின்னவன் நான். இப்பப் பாரு, பயத்துல கம்பியவே மறந்துட்டேன், என்னால இன்னைக்கி ஒன் உசுரு போயிருக்கும்."

அழுதார். அக்கா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. மாமா அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் கீரிக்கு ஒரு குழி வெட்டினார். நானும் அவரும் சேர்ந்து கம்பியைச் சுருட்டினோம். சுருட்டச் சுருட்டக் கையெல்லாம் துரு.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா படத்தைப் பிரித்து மோட்டார் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். துணிப்பையிலிருந்து வர்ண டப்பாவும் பிரஷ்ஷும் வெளியே வந்திருந்தன. முள்கம்பிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். கம்பி போன இடத்தில் வெறும் எலும்பு வந்தது.

மாமா பின்னால் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "குட்டியெல்லாம் எடுத்துரு" என்றார்.

அக்கா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கருநீலத்தில் மூடினார்.

"பெரிய பன்னி?"

மாமா யோசித்தார். "அது இருக்கட்டும். அது உள்ளதான இருக்கு. ஆனா அம்மாவும் பிள்ளையுமா வேண்டாம். தனியா நிக்கட்டும். மூஞ்சி தெரிய வேண்டாம், அன்னைக்கி எனக்குத் தெரியல."

அக்கா அதன் முகத்தை இருட்டில் இழுத்தார். பிறகு பிரஷ்ஷை மாற்றிக்கொண்டு, மேலே முகமில்லாமல் விட்டிருந்த இடத்தில் மாமாவின் முகத்தை வரைய ஆரம்பித்தார். எதிரே ஒரு கல்லில் மாமா உட்கார்ந்திருந்தார். அழுது சிவந்த கண்ணோடுதான் உட்கார்ந்திருந்தார். அதை மாற்றச் சொல்லவில்லை.

முடித்தபோது நெஞ்சுக்கூட்டில் பெரும்பாலும் கறுப்புதான் இருந்தது. ஓரத்தில் அந்தப் பன்றியின் முதுகு மட்டும்.

"இவ்வளவு இடம் காலியாக் கெடக்கே" என்றார் மாமா.

"காலி இல்ல அண்ணாச்சி. காத்து. எக்ஸ்ரேயில காத்து கறுப்பாத்தான் விழும்."

மாமா மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டார்.

படத்தை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். பஸ்ஸில் அக்கா சொன்னார், "நான் இதுவரைக்கும் வரைஞ்ச படத்துலயெல்லாம் எத்தனை பேரக் கேக்காம விட்டேன்னு தெரியல தம்பி." அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தார்.

மறுநாள் அத்தை போன் செய்தார். எடுத்ததும் "என்னலே நடந்துச்சு அங்க?" என்றுதான் கேட்டார். சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு அத்தை அப்படியே நின்றுவிட்டாராம். இந்தப் பன்றி எதற்கு இங்கே என்று கேட்டிருக்கிறார். மாமா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். டீக்கடை உட்பட.

அதற்குப் பிறகு அக்கா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். படத்தை முடித்ததும், அதில் இருக்கிற ஆளிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுவார். லாரி டிரைவரைத் தேடிக்கொண்டு கருங்குளம் வரைக்கும் போய் வந்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, கொக்கு ஒற்றைக் காலில்தான் நிற்கும், ஒரு காலை மடக்கி வரையுங்கள் என்றாராம். மடக்கினார். மண்டபக்காரர் பசுப் படத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எங்கே மாட்டினார் என்று நான் பார்க்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறுவருஷம், மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் பெங்களூர் போனார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. மூன்று வருஷம் ஆகிறது. அங்கே வரைகிறாரா என்று கேட்டால், "பேத்தி பிரஷ்ஷத் தின்னுருதா தம்பி" என்கிறார். அந்த எக்ஸ்ரே அறையில் இப்போது ஒரு இளம்பெண் இருக்கிறார். எல்லாம் கம்ப்யூட்டரில் தெரிந்துவிடுகிறது. யாரும் எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மாமாவும் அத்தையும் பாளையங்கோட்டை வந்தவர்கள், அப்படியே கடைக்கும் வந்தார்கள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுலே" என்றார் மாமா. போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?"

"இருக்கேம்மா. வாழைய விட்டுட்டேன். எலுமிச்ச வச்சிருக்கேன். பன்னி வருது, மோந்து பாக்கு, முள்ளு குத்துனதும் போயிருது."

"கம்பி?"

"அத அன்னைக்கே எடைக்குப் போட்டாச்சு."

அக்கா கேட்டார்: "தனியாவா போறீங்க?"

மாமா பதில் சொல்வதற்குள் அத்தை போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

"முப்பது வருசம் பகல் ஷிப்ட்டு, ராத்திரி ஷிப்ட்டுன்னு தனியாவே போயிட்டுத் தனியாவே வந்த மனுசன் தாயி. இப்பதான் என்னையும் கூட்டிட்டுப் போறாரு. காலையில பன்னி ஓட நான் தட்டத் தட்டிக்கிட்டு முன்னால போவேன், அவரு பின்னால வருவாரு."

போனுக்குள் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு, விற்பனைக்கு மாட்டியிருந்த முருகன் படத்தை, வாங்க வந்தவர் மாதிரி, ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.